தேய்வது முன்னால், கோளாறு பின்னால்: பிக்கப் பிரேக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன், ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு முன்பக்கம் புதுப் பிரேக் பேட் போட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கை இறக்கிக்கொண்டிருந்தான். "பின்னாடி திறந்து பார்த்தியா?" என்று கேட்டேன். "பின்னாடி சத்தமே இல்லையேண்ணே, எதுக்குத் திறக்கணும்?" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால், பர்மாவின் இதே மோல்மேனில், இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலால் என்ன நடந்தது என்று அவனை உட்காரவைத்துச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நட்டை முறுக்க மறப்பது, பேடைத் திருப்பிப் போடுவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவை முதல் மாதத்துத் தவறுகள். திட்டு வாங்கினால் போய்விடும். பல வருடம் கை வைத்தவர்களும் விடாமல் செய்கிறவைதான் என் கவலை.

டிரம்மைச் சுத்தியலால் அடிப்பது

பின் சக்கரப் பிரேக்கை மூடியிருக்கும் கிண்ணம்தான் டிரம். கழற்றும் முன் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். டிரம் முகத்தில் இரண்டு மரைத்துளை இருக்கும். 8 மி.மீ. போல்ட் இரண்டை அதில் விட்டு மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும்.

கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவது

பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் பாரம் ஆயில் ஹோஸில் விழக் கூடாது. கம்பி போட்டுக் கட்டுங்கள்.

முன்னால் தேய்கிறது என்று முன்னாலேயே நின்றுவிடுவது

பிரேக் மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். அதனால் முன் பேட் முதலில் தேய்வது இயற்கை. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. 1970-ல் பர்மாவில் வண்டிகளைச் சாலையின் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த வலதுகை ஸ்டியரிங் வண்டிகள். முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. பாதி வண்டியை வெளியே நீட்டிப் பார்த்து, லாரி வந்தால் அழுத்திப் பிடித்து, மறுபடி வரிசைக்குள் நுழைவார். நாள் முழுக்க இதே கதை. "இப்படி ஓட்டினால் பேட் எங்கே நிற்கும்?" என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போது தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவதியிலிருந்து சரக்கேற்றும் ஒரு பிக்கப் என்னிடம் வரும். வழியில் வரும் தோனா மலைச் சாலை அந்நாளில் ஒரு வண்டி அகலம்தான். ஒரு நாள் ஏறுகிற வண்டிகளுக்கு, மறுநாள் இறங்குகிற வண்டிகளுக்கு என்று முறை வைத்து விடுவார்கள். 2015-ல் புதுச் சாலை திறக்கும்வரை அப்படித்தான். அந்த அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் முன் பேடைக் கழற்றிப் புதுசு போட்டு அனுப்புவேன். மூன்று தடவை இப்படி மாற்றினேன். மூன்று தடவையும் பின் சக்கரத்தைக் கழற்றவில்லை.

அடுத்த தடவை அவர் வரவில்லை, ஆள்தான் வந்தது. மலையடிவார ஊரான காக்கரைக் பக்கம் இறங்கும்போது முதலில் கருகல் வாடை, அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி, அப்புறம் பெடல் தரையோடு. கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து ஓடையில் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். எல்லாரும் பிழைத்தார்கள். வண்டியில் உதவிக்கு வரும் ஸ்பேர் பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அண்ணனைப் போய்ப் பார்த்தபோது அவர் சத்தம் போடவில்லை. "நீ மாத்துனதெல்லாம் சரிதான் தம்பி. ஏன் தேயுதுன்னு ஒருநாளாவது பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, அன்றைக்குத்தான் பின் டிரம்மைத் திறந்தேன். டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவின் லைனிங் ஏறக்குறைய புதுசு மாதிரி கனமாக இருந்தது. மேல்பரப்பு விரல் வைத்தால் வழுக்கியது, கண்ணாடி மாதிரி. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி. ஷூவை நெருக்கும் பல்சக்கரம் துருவேறி ஒரே கட்டியாக இருந்தது. பின் பிரேக் பேருக்குத்தான் இருந்திருக்கிறது. அத்தனை பாரத்தையும் மலையிறக்கத்தில் முன் பேட் மட்டும் தாங்கியிருக்கிறது.

அதற்கு இரண்டு காரணம். இரண்டும் இன்றைக்கும் பட்டறைக்குள் வருகிற வண்டிகளில் இருக்கின்றன.

முதலாவது ஹேண்ட் பிரேக். பழைய ஹைலக்ஸில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் அந்தப் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்கும். நம் டிரைவர்கள் கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் இழுக்காத ஹேண்ட் பிரேக்கின் கேபிளும், பின் தட்டில் இருக்கும் நெம்புகோலும் இந்த ஊர் மழையில் இறுகிப்போகும். வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது. பாரம் தாங்க வேண்டும் என்று பின் ஸ்பிரிங்கில் இரண்டு மூன்று பட்டை கூடுதலாகச் சேர்க்கிறார்கள். சேர்ப்பவர் ஸ்பிரிங் வேலை மட்டும் செய்யும் கம்மியர். சேர்த்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கும், முதலாளிக்குச் சந்தோஷம். பிரேக்கை யாரும் நினைப்பதில்லை. பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு வரும். சரக்கேற்றினால் சேசிஸ் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில் சேசிஸ் உயரும், பின் சக்கரம் இறுகி வழுக்காதபடி அழுத்தம் குறையும். பட்டை சேர்த்த வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினாலும் சேசிஸ் சரியாகத் தாழாது. வால்வுக்கு அது காலி வண்டிதான். பாரம் முழுசாக இருக்கும் நேரத்தில்தான் பின் பிரேக் குறைகிறது.

அதனால் ஒரு வண்டிக்குப் பேட் சீக்கிரம் சீக்கிரம் போகிறது என்றால், முதலில் வண்டிக்கடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்கள். பிறகு அந்தக் கம்பியைப் பாருங்கள்: வளைந்திருக்கிறதா, கழன்று தொங்குகிறதா, மூட்டு துருவேறி அசையாமல் நிற்கிறதா. வண்டியை எவ்வளவு உயர்த்தினார்களோ, ஆக்சில் பக்கத்துத் தாங்கியையும் அவ்வளவு உயர்த்த வேண்டும். பிறகு ஆளில்லாத இடத்தில் சரக்கோடும் சரக்கில்லாமலும் மிதித்துப் பாருங்கள். சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம்தான் முதலில் இறுக வேண்டும்.

வால்வே வேண்டாம் என்று பைப்பை நேராக இணைத்துத் தருகிற ஆட்களும் உண்டு. சரக்கோடு நன்றாகப் பிடிக்கும். அதே வண்டி காலியாக, மழையில், வளைவில் மிதித்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். அந்த வேலையை என் பட்டறையில் யாரும் செய்யக் கூடாது.

பிரேக் பைப்பில் சேர்ந்த காற்றை வெளியே எடுக்கும்போதும் இந்த வால்வை மறக்காதீர்கள். பல வண்டிகளில் அதற்கென்று தனி நிப்பிள் இருக்கும். நாலு சக்கரத்திலும் எடுத்துவிட்டு, பெடல் இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவதோடு விடுவது

அந்த வண்டியின் பெடல் தரையோடு போனதற்குக் கடைசிக் காரணம் இது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பிரேக் பிடிக்காது. அந்த வண்டியின் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்ததைப் பார்த்தும் மேலேதான் ஊற்றியிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், மலை வண்டிக்கு வருடம் ஒருமுறை. குறைந்திருந்தால் ஊற்றும் முன் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். பேட் நன்றாக இருந்து ஆயில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ அவசரத்துக்கு ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

எண்ணெய் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவுவது

மேலே சுத்தமாகத் தெரியும். சூடேறினால் லைனிங்குக்குள் ஊறியது வெளியே வரும். எண்ணெய் ஒழுகும் ஆக்சில் சீலையோ வீல் சிலிண்டரையோ முதலில் சரிசெய்து, இரண்டு பக்கத்து ஷூவையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

தூசியைக் காற்றால் ஊதுவது

பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பிறகு திறக்காமல் விடுவது

ஏப்ரலில் நாலைந்து நாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் தண்ணீருக்குள்ளேயே ஓடும். டிரம்முக்குள் போன தண்ணீர் முன்பக்க டிஸ்க்கில் மாதிரி உடனே வெளியேறாது. அன்றன்றைக்கு வீடு திரும்பும்போது மெதுவாக ஓட்டி, லேசாக நாலைந்து தடவை மிதித்துக் காயவையுங்கள். திருவிழா முடிந்த வாரம் டிரம்மைத் திறந்து சேற்றை எடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்க அதுதான் நல்ல நேரம்.

அளக்காமல் மாற்றுவது

பேட் 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றுங்கள், கீச்சுச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே சக்கரத்தில் ஒரு பேட் தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கலாம். புதுப் பேட் அதற்கு மருந்தில்லை. டிரம்மின் உள்விட்டத்துக்கான உச்ச அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டியதைக் கடைசல் போட்டு மறுபடி மாட்டாதீர்கள்.

மாற்றிய அன்றே சரக்கேற்றுவது

புது லைனிங் டிரம்மோடு உட்கார வேண்டும். சில நாள் சமவெளியில், காலியாக, மெதுவாக மிதித்து மிதித்து ஓடட்டும். டிரைவரை ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த வண்டி திரும்ப வந்தால், பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்டால் மலைக்கு அனுப்பலாம்.