கிரேக்க அரசர்களின் வெள்ளிக் காசு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலெக்சாண்டரின் நான்கு டிராக்மா (டிராக்மா கிரேக்கக் காசின் அலகு) வெள்ளிக் காசின் முன்பக்கத்தில் சிங்கத்தோல் போர்த்திய தலை இருக்கும். அதை அவருடைய முகம் என்று எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் பிழை. அது கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். மக்கெதோனிய அரசகுலம் தன்னை அவருடைய வழித்தோன்றலாகச் சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டரின் பாட்டனார் மூன்றாம் அமிந்தாஸின் காசிலேயே ஹெராக்ளிஸ் தலை உண்டு. பின்பக்கத்தில் கழுகேந்தி அமர்ந்திருப்பவர் ஹெராக்ளிஸின் தந்தையும் கிரேக்கர்களின் தலைமைக் கடவுளுமான சீயஸ்.

காசில் பெயர் இருப்பதால் அது அவர் ஆண்டபோதே அடித்தது என்றும் முடிவு கட்டக்கூடாது. அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்தார், கருங்கடல் கரை நகரங்கள் கி.மு. முதல் நூற்றாண்டிலும் அவர் பெயரில் காசு அடித்தன. வணிகர்கள் நம்பி வாங்கிய காசை எந்த நகரம் மாற்றத் துணியும்? சீயஸின் கால்கள் இணையாக இருந்தால் வாழ்நாள் காசு, பின்னியிருந்தால் பிற்காலத்தது என்றொரு விதி உலவுகிறது. காசு அடிக்கும் அக்கசாலைக்கு அக்கசாலை இது மாறும். ஓரத்திலுள்ள குறிகளையும் இணைப்பெழுத்துகளையும் (பல எழுத்துகளைப் பின்னி அமைத்த குறிகள்) சேர்த்துப் பார்த்த பிறகே காலம் சொல்லலாம்.

காசில் உள்ள முகம் அடித்தவருடையது என்று எண்ணுவதும் தவறு. லைசிமாக்கஸுக்கு அரச ரத்தம் கிடையாது, அலெக்சாண்டரின் மெய்க்காவலராக இருந்து, அவர் இறந்தபின் அரசரானவர். ஏறத்தாழ கி.மு. 297 முதல் அவர் வெளியிட்ட காசில் இருப்பது எகிப்தியக் கடவுள் அமோனின் ஆட்டுக்கொம்போடு அலெக்சாண்டர். லைசிமாக்கஸின் பெயர் பின்பக்கத்தில், பெண்தெய்வம் அதீனாவின் அருகே. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து எகிப்தின் அரசரான தாலமி இன்னும் துணிந்தவர். யானைத்தோல் அணிந்த அலெக்சாண்டரில் தொடங்கி, அரசரான பின் தன் முகத்தையே பொறித்தார்.

எடையைப் பாராமல் விடுவது பெரிய இழப்பு. அலெக்சாண்டர் பின்பற்றிய ஆட்டிக்க அளவில் (ஏதென்ஸின் எடைமுறை) நான்கு டிராக்மா காசு சுமார் 17.2 கிராம். தாலமி படிப்படியாகக் குறைத்து ஏறக்குறைய 14.2 கிராமுக்குக் கொண்டுவந்தார். அயல்காசு எகிப்துக்குள் செல்லாது. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் 3 கிராம் வெள்ளி கருவூலத்துக்கு மிஞ்சும். தன் முகமுள்ள இலேசான காசை முழு மதிப்பில் வாங்க வைத்ததுதான் அவர் ஆட்சியுரிமைக்குக் கிடைத்த நல்ல சான்று என்பேன். ஆனால் ஒரே காசை நிறுத்து அளவு குறைந்தது என்று சொல்லாதீர்கள்; தேய்மானமும் அமிலச் சுத்தமும் எடையைத் தின்னும். தேயாத காசுகள் பலவற்றை 0.01 கிராம் துல்லியத்தில் நிறுத்து, பெரும்பாலானவை எங்கே குவிகின்றன என்று பாருங்கள்.

காசு வரிசையை வம்சாவளியாக நம்புவது இன்னொரு பொறி. கி.மு. 180 வாக்கில் பாக்திரியாவை (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) ஆண்ட கிரேக்க அரசர் அகதாக்ளிஸ் தமக்கு முந்தையவர்களின் நினைவாகக் காசு வரிசை ஒன்றை வெளியிட்டார். அதில் அலெக்சாண்டர், செலூக்கிய அரசர் அந்தியோக்கஸ், பாக்திரியாவின் முந்தைய அரசர்களான டயோடோட்டஸ், யூதிடெமஸ் எல்லாரும் உண்டு. இவர்களில் யூதிடெமஸ், டயோடோட்டஸின் வாரிசுகளை ஒழித்துத்தான் அரியணை ஏறினார்.