பழைய டிஃபரன்ஷியல் வாங்கும்முன் ஒரு சாக்பீஸ்

டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி. அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று வரும்வரை பினியன் ஃபிளாஞ்சை (கிரவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தின் வெளி முனைத் தட்டு) எத்தனை தடவை சுற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அதுதான் ரேஷியோ, அதாவது கியர் விகிதம். பல்லையே எண்ண முடிந்தால் இன்னும் துல்லியம்: பழைய ஜீப்புகளில் வரும் 43-க்கு 8 (கிரவுனில் 43 பல், பினியனில் 8) என்றால் 5.38. கொடைக்கானல் மலை ஏற அருமை, திருச்சி நாலுவழிச் சாலையில் இன்ஜின் அலறும்.

மூடியைக் கழற்ற விடாத கடைக்காரரா? ஆக்சிலோடு இருந்தால் ஒரு பக்கத்தை ஆளை வைத்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றி, பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் நிற்கும்போது கிரவுன் பாதிதான் நகரும், அதனால் இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று கணக்கு சரியாக வரும்.

விலையை முடிவு செய்வது வேறு விஷயம். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசித் தயாரிக்கப்படுபவை. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஆயிலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தாலோ, பல்லின் முகத்தில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருந்தாலோ, மதுரையில் எந்தப் பழைய இரும்புக் கடையில் கேட்டாலும் அது எடைக்கு எடை இரும்புதான். கூடு மட்டும் நல்லதாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.

இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுற்றுவதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப், லாக்கர் வகைகளில் ஒரு பக்கத்தைப் பிடித்துச் சுற்றும் முறை எடுபடாது. முன்சக்கர டிரைவ் கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் இதற்கு வேலையே இல்லை. நாலு சக்கர டிரைவ் ஜீப்புக்கு என்றால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.