கறிவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சி வளர்ப்பு

மழை பெய்து கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகள் தளிர்விடும்போது குழந்தைகளை இலை இலையாகத் தேடச் சொல்லுங்கள். பறவை எச்சம் போலத் தெரிவது 'அழகி' என்ற வகைப் பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டும், நாறும், கடிக்காது.

இலையோடு கிள்ளி, அகலமான பாட்டிலில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினமும் புது இலை, எச்சத்தைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். ஈர இலையும் ஆகாது. பூஞ்சை பிடித்துப் புழு கறுத்துச் செத்துவிடும்.

தின்பதை நிறுத்தி, நீர்த்த எச்சம் போட்டு அங்குமிங்கும் அலைந்தால் கூடு கட்டப்போகிறது. உடனே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். சுமார் 10 நாளில், பெரும்பாலும் காலையில், பூச்சி வெளிவரும். இறக்கை விரியக் கீழே இடம் இல்லாவிட்டால் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். ஓரிரு மணி நேரம் தொடாமல் காயவிட்டு, மழையில்லாத வேளையில் தோட்டத்தில் விடுங்கள்.

கோடையில் புழு கிடைப்பது அரிது. தளிர் வேண்டுமானால் செடியின் கிளைகளை வெட்டிவிட்டு (கவாத்து செய்து) தண்ணீர் ஊற்றுங்கள்.