ஆள் சேரும் நாளிலேயே முடிக்க வேண்டியவை

ஹெச்.ஆர். (பணியாளர் நிர்வாகம்) என்றால் ஐ.டி. கம்பெனி சமாச்சாரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டறையோ ஜவுளிக்கடையோ, ஆள் வைத்து வேலை வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

முதலில் நியமனக் கடிதம். ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, யார் சொல்வதைக் கேட்க வேண்டும், சம்பளம், வார விடுமுறை, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். 'வாய்ப்பேச்சே போதும்' என்றிருந்த இடங்களில்தான் தீபாவளி போனஸ் நேரத்தில் மல்லுக்கட்டு நடக்கிறது.

பொதுவாக 10 பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு), 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டிவிட வேண்டும்.

புதிதாக வருபவரிடம் மறக்காமல் கேளுங்கள்: "முன்னாடி வேலை பார்த்த இடத்தில் பி.எஃப். பிடித்தார்களா?" பிடித்திருந்தால் அதே யு.ஏ.என். எண்ணில்தான் (ஒருவருக்குத் தரப்படும் நிரந்தர பி.எஃப். எண்) தொடர வேண்டும். புது எண் போட்டால் பணம் இரண்டு இடத்தில் கிடக்கும். ஆதாரை வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் வில்லன். ஆதாரில் 'முருகன் செ', பி.எஃப். கணக்கில் 'செ. முருகன்' என்று இருந்தால், பணம் எடுக்கும்போது அவர்தான் அலைய வேண்டும்.

அப்புறம், ஒருவர் நின்றுவிட்டால் விலகிய தேதியை பி.எஃப். தளத்தில் உடனே ஏற்றிவிடுங்கள். கோபத்தில் போனவராக இருந்தாலும் சரி.