மான்ஸ்டர் சும்மா நின்று அடி வாங்கக் கூடாது: புதிய கேம் மாஸ்டர்களுக்கு

கேம் மாஸ்டர் என்றால் கதை சொல்லி, மான்ஸ்டர்களையும் ஆட்டுவித்து ஆட்டத்தை நடத்துகிறவர். புதிதாக ஆட்டம் நடத்துகிறவர்கள் மான்ஸ்டர் எப்படித் தாக்கும் என்பதை மட்டும் படித்துக்கொண்டு வருவார்கள். அது எப்படித் தப்பிக்கும் என்று யோசிக்க மாட்டார்கள். அதனால்தான் நாலு ரவுண்டில் சண்டை சப்பென்று முடிகிறது. கீழே உள்ள எண்கள், மேசையில் டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் உள்ளவை. களம் மட்டும் நம்முடையது: மட்டக்களப்பு வாவிக்கரை, இரவு, கண்டல் காடு, கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள்.

1. முதலில் ஏ.சி.

ஆர்மர் கிளாஸ், சுருக்கமாக ஏ.சி.: ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண். இருபது பக்க டைஸை உருட்டி, வீரரின் கூடுதல் எண்ணைச் சேர்த்து, ஏ.சி.யைத் தொட்டால் அடி பட்டது. சமமாக வந்தாலும் பட்டதுதான். கோப்ளின் என்ற குட்டி மான்ஸ்டருக்கு ஏ.சி. 15, ஹிட் பாயிண்ட், அதாவது தாங்கக்கூடிய அடியின் அளவு, வெறும் 7. அதாவது ஒரு நல்ல வெட்டு போதும். அதைக் காப்பாற்றுவது உடம்பு இல்லை, இடம்.

2. மறைப்பைக் கொடுங்கள்

பாதி உடம்பு மறைந்தால் ஏ.சி.க்கு 2 கூடும். முக்கால்வாசி மறைந்தால் 5. கோப்ளின் வள்ளத்துக்குப் பின்னால் குந்தியிருக்கிறது, ஏ.சி. இப்போது 17. வில்லாளி 12 போடுகிறார், கூடுதல் 4, மொத்தம் 16. “தவறிவிட்டது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “அம்பு வள்ளத்துப் பலகையில் குத்தி ஆடுது” என்று சொல்லுங்கள். அடுத்த ஆள் தானாகவே வள்ளத்தைச் சுற்றி ஓடப் பார்ப்பார்.

3. ஓடி ஒளிய விடுங்கள்

சரி, வாளோடு ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டார். சாதாரணமாக, அவர் எட்டும் தூரத்தை விட்டு விலகினால் அவருக்கு ஓர் இலவச வெட்டு உண்டு. கோப்ளினுக்கோ, தாக்குதல் போக அதே முறையில் செய்யக்கூடிய சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே விலகவோ ஒளியவோ முடியும். ஆகவே இந்த முறை விலகி, 30 அடி ஓடி, கண்டல் வேர்களுக்குள் நின்று அம்பு விடும். அடுத்த முறை அம்பு விட்டபின் ஒளியும். கண்ணுக்குத் தெரியாததை அடிக்க இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். மூன்று கோப்ளின் இப்படி விளையாடினால் போதும், மேசையில் “எங்கடா மச்சான் போச்சு அது?” என்று சத்தம் கிளம்பும்.

4. எந்த அடி பலிக்கும்?

சில மான்ஸ்டர்களுக்கு ஒரு வகை அடி பாதிதான் படும், சிலதுக்குப் படவே படாது. மறுபக்கமும் உண்டு: எலும்புக்கூட்டுக்கு நசுக்கும் அடி இரட்டிப்பு, விஷம் ஒன்றும் செய்யாது. வாளை விட உலக்கை வைத்திருப்பவர் அங்கே ராசா.

காயம் தானாக ஆறும் பெரிய மான்ஸ்டரான டிரோல் தான் எனக்குப் பிடித்தது. 84 ஹிட் பாயிண்ட். தன் முறை தொடங்கும்போதெல்லாம் 10 திரும்ப ஏறும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை ஏறாது. இதை வீரர்களிடம் நேரே சொல்லிவிடாதீர்கள், அதற்காக முழுக்க மறைக்கவும் வேண்டாம். வெட்டுக்காயம் கண்ணெதிரே மூடட்டும். யாராவது தீப்பந்தத்தைத் தூக்கினால் அது ஓரடி பின்வாங்கட்டும். துப்பு எதுவும் கொடுக்காத தற்காப்பு வெறும் எரிச்சல்.

5. தண்ணீர்

வாவியில் முதலை இருப்பது யாருக்கும் புதிதில்லை. ஆட்டத்தில் அதற்கு ஏ.சி. 12, ஹிட் பாயிண்ட் 19, கரையில் வைத்து எளிதாக முடித்துவிடலாம். அதனால் அது கரையில் நிற்காது. கவ்விய ஆளோடு தண்ணீருக்குள் இறங்கும். நீச்சல் வேகம் இல்லாதவர் தண்ணீருக்குள் வாளையோ கோடரியோ வீசினால் இரண்டு டைஸில் குறைந்தது. ஈட்டியும் குத்துவாளும் வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

6. உயிராசை

எல்லா மான்ஸ்டரும் சாகும்வரை சண்டை பிடிக்கத் தேவையில்லை. 1981இல் வந்த இதே ஆட்டத்தின் பேசிக் பதிப்பில் இதற்கு அழகான விதி உண்டு: கூட்டத்தில் முதல் ஆள் செத்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு ஆறுபக்க டைஸை உருட்ட வேண்டும். மான்ஸ்டரின் துணிச்சலைக் காட்டும் மொரால் எண்ணுக்கு மேல் வந்தால் அவை ஓடும் அல்லது சரணடையும். ஐந்தாம் பதிப்பிலும் நான் இதைத்தான் பாவிக்கிறேன். மூளையில்லாத எலும்புக்கூட்டுக்கு மட்டும் உருட்ட வேண்டாம்.

தப்பிய கோப்ளினின் பெயரைக் குறித்து வையுங்கள். அடுத்த கிழமை அது வரும்போது, தீப்பந்தம் யார் கையில் என்று அதற்குத் தெரிந்திருக்கும். முதல் அம்பை அவருக்கே விடுங்கள்.