பிளக்கைத் துடைக்க முதல்

போன மாரியில் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பொடியன் ஒருவன் தன் மீன்பிடிப் படகின் பதினைந்து குதிரைவலு எஞ்சினைக் கூட்டாளியோடு தூக்கிக்கொண்டு, எஞ்சின் திருத்தும் என் கொட்டிலுக்கு வந்தான்.

"அண்ணை, பிளக் நிக்குதில்லை. இந்தக் கிழமை மூண்டு மாத்திப்போட்டன்."

"பழசுகள் எங்க?"

"எறிஞ்சிட்டன்."

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிலுக்குத்தான். பிளக் என்பது சிலிண்டருக்குள் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் சின்னச் சாமான். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பது அதன் நுனியில் அப்படியே படிந்திருக்கும். எறிந்தாலும் போச்சு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலும் போச்சு. முதலில் பாருங்கள், பிறகு துடைக்கலாம்.

இரண்டு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் எஞ்சின் உதறும், பாதி வேகத்துக்கு மேல் ஏறாது, படகு தண்ணீரை விட்டு எழும்பாது. எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் பிளக்கில் கை வைக்க முன் எஞ்சினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கிறதா, எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்காக எஞ்சினைச் சுமந்து வந்தவர்களும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.

சரி, கழற்றுவோம். எஞ்சின் ஆறட்டும், தலை அலுமினியம், சூட்டோடு திருகினால் புரி போய்விடும். பிளக்கைச் சுற்றிக் கிடக்கும் உப்பையும் மணலையும் ஊதிவிட்டு, 21 மில்லிமீற்றர் ஸ்பானரால் கழற்றி, மேல் சிலிண்டருடையதை மேலும் கீழ் சிலிண்டருடையதைக் கீழுமாக ஒரு துணியில் வையுங்கள். மாறிப்போனால் இனிச் செய்வது எல்லாம் வீண்.

தேத்தண்ணி நிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி என்றால் எரிபொருள் கூடப் போகிறது, அல்லது ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறக்கவில்லை. நுனியில் தண்ணீர்த் துளி தெரிந்தால் தாங்கியின் அடியைப் பாருங்கள். அங்கே தண்ணீர் இல்லாவிட்டால் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பீங்கானில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அந்தப் பிளக்கை இனிப் போடாதீர்கள்.

வெள்ளை வெளேரென்று, சில வேளை கொப்புளத்தோடு வந்தால் பயப்படுங்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. நம் களப்புக்குள் இதற்குப் பெரும்பாலும் சாதாளை என்ற கடற்பூண்டுதான் காரணம். தண்ணீர் இழுக்கும் வாயை அது அடைத்துவிடும். பின்னால் துப்பும் தண்ணீர் மெலிந்திருப்பதை ஓட்டுகிறவர் கவனித்திருக்க மாட்டார். இதற்குப் புதுப் பிளக் போட்டு ஓடினால் அடுத்தது பிஸ்டன்.

ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் மூக்கருகே பிடித்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணந்தால் பிளக்கைத் திட்ட வேண்டாம். இந்த எஞ்சின்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். கரையை நெருங்கும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றருக்குள் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை சில நிமிடம் ஓடவிட வேண்டும். அப்படியே நிறுத்தினால் விடியற்காலையில் குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பிளக்கை நனைக்கும். நீங்கள் கயிறு இழுக்க இழுக்க இன்னும் நனையும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதிலிருந்து எல்லாரும் துளித் துளியாய்க் கணக்குப் பார்க்கிறோம், தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்சப் பெற்றோலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பார்த்தும் பிடிபடவில்லையா? மேல் பிளக்கைக் கீழேயும் கீழ்ப் பிளக்கை மேலேயும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் பிளக் போய்விட்டது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் வயர், பிளக் தலையில் மாட்டும் தொப்பி, பொறிக்கு மின்சாரம் கூட்டும் கொயில், கார்பரேற்றர் என்று தேடுங்கள். காசு செலவில்லாத சோதனை, கடலிலும் செய்யலாம்.

பொறி பார்ப்பதைத்தான் எல்லாரும் முதலில் செய்வார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். வெளியே நல்ல நீலப் பொறி விடும் பிளக், சிலிண்டருக்குள் அமுக்கத்தில் விடாமல் போகலாம். பார்ப்பதென்றால் கியரை நியூற்றலில் போட்டு, இரண்டு பிளக்கையும் தொப்பிக்குள் செருகி, அவற்றின் உடம்பு எஞ்சினின் பெயின்ற் இல்லாத உலோகத்தைத் தொடும்படி, திறந்த பிளக் ஓட்டைகளுக்குத் தூரத்தில் பொருத்துங்கள். அந்த ஓட்டைகளிலிருந்து பெற்றோல் ஆவி வரும். கையால் பிடிக்கவே கூடாது. தொப்பியை வெறுமனே தொங்கவிட்டுக் கயிறு இழுத்தால் பொறிக்கு மின்சாரம் அனுப்பும் சீடிஐ பெட்டி அடிபடலாம்.

இன்னொன்று. இரவில், விளக்கை அணைத்துவிட்டு மூடி கழற்றிய எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஃபிளைவீல் சக்கரம் சுற்றும், சாரத்தையும் சட்டைக் கையையும் எட்ட வையுங்கள். பிளக்கின் வெளிப் பீங்கானில் நீலமாக ஒரு கோடு ஓடினால், தொப்பி ரப்பருக்குள் உப்பு ஏறியிருக்கிறது. நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

புதுசு வாங்கும்போது எஞ்சின் புத்தகத்தில் உள்ள எண்ணையே கேளுங்கள். என்ஜிகே கம்பனியின் பி7எச்எஸ்-10 என்றால் 7 சூட்டு எண், அதாவது பிளக் சூட்டை எவ்வளவு கடத்தும் என்பது, கடைசிப் பத்து பொறி பாயும் நுனி இடைவெளி ஒரு மில்லிமீற்றர். ஹக்ஸோ பிளேட்டை வைத்து அளக்கிறார்கள். அந்தத் தடிப்பு போதாது, இடைவெளி அளக்கும் கேஜ் வாங்குங்கள். விரலாலேயே புரி ஏற்றி, வாஷர் தலையில் முட்டிய பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று, கூடினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. பழைய பிளக் என்றால் சும்மா ஒரு சின்ன இறுக்கு.

அந்தப் பொடியனின் எஞ்சினில் இருந்த நாலாவது பிளக்கும் மண்ணெண்ணெய்தான் மணந்தது. துடைத்துக் காயவிட்டு அதையே திருப்பிப் போட்டேன். இப்போது அவன் படகில் மூடி இறுகிய போத்தல் ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு புதுப் பிளக், ஸ்பானர், ஒரு துண்டு மாஸ்கிங் ரேப். கழற்றும் பிளக்கில் ரேப்பை ஒட்டி மேல், கீழ் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். துடைக்காமல்.