அண்ணனுக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை எடுத்தேன்

குடித்துவிட்டு வந்தால் அண்ணன் அம்மாவையும் விடமாட்டார், என்னையும் விடமாட்டார். பொலிஸில் சொன்னால், "குடும்பப் பிரச்சினைதானே, சமாதானமாப் போங்கோ." திருகோணமலையில் பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் அக்காதான் வழி காட்டினா: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அது கணவன்மாருக்கு மட்டுமில்லை, கூடப்பிறந்தவருக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்துக்கு நாங்களே விண்ணப்பிக்கலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் சட்டத்தரணி கேட்கலாம்.

விண்ணப்பத்தோடு கொடுக்கிற சத்தியக்கடதாசியில் "அடிக்கிறவர்" என்று மொட்டையாக எழுதாதேங்கோ. எந்தத் திகதி, எதால் அடித்தார், என்ன சொல்லி மிரட்டினார் என்று எழுதுங்கோ. நான் மண்வெட்டிப் பிடியையும், அம்மாவின் வீங்கின மணிக்கட்டையும் எழுதி, ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்தேன்.

முதலில் இடைக்காலக் கட்டளை. 14 நாளுக்குள் விசாரணை. பிறகு பாதுகாப்புக் கட்டளை, கூடியது 12 மாதம். தேவையென்றால் நீடிக்கக் கேட்கலாம். வீட்டுக்குள் வரத் தடை கிடைத்தது. "சொந்த அண்ணனைக் கோட்டுக்கு இழுத்திட்டாள்" என்றார்கள் சொந்தக்காரர். அம்மாவின் கை முறிந்திருந்தால் அவர்களா பார்த்திருப்பார்கள்?

கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். பிரதியைக் கையோடு வைத்திருங்கோ; படலையடியில் வந்து நின்றாலே பொலிஸுக்குக் காட்டலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம் 1938.